வெள்ளிக் காசுகளை வழியனுப்பப் போன ஏழு மைல்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அப்படிப்பட்ட நான் லண்டனில், நோர்பரியில் மூன்று கடைகள் வைத்தேன். எங்கள் பக்கத்தில் முருங்கைக்காயை விமானத்தில் இறக்கி விற்ற முதல் ஆள் நான்தான். வங்கி கடன் தர மறுத்தபோது, இரவில் பெற்றோல் நிலையத்திலும் பகலில் ஒரு பேக்கரியிலும் நின்று வேலை செய்து முதல் கடையின் சாவியை வாங்கினேன். கடைத் தட்டுகளை நானே அறுத்து நானே ஆணி அடித்தேன். இன்றுவரை ஒரு தட்டும் சரிந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜைக் குளிர் அறை ஆக்கினேன். கவுன்சிலில் இருந்து பார்க்க வந்தவர் பிழை பிடிக்க ஒன்றும் அகப்படாமல், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். மகளைக் கணக்காளர் ஆக்கினேன். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அமெரிக்கா என்ற நாடு பிறந்த புதிதில் அடித்த வெள்ளிக் காசுகளில் பதினேழை, ஒரு இங்கிலீசுப் புத்தகமும் வாசிக்காமல், தேடிப் பிடித்துச் சேர்த்தவன் நான்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழுவினர் பயணக் கட்டுரை கேட்டார்கள். மற்றவர்கள் சுவிஸ் மலையையும் காசியையும் எழுதுவார்கள். நான் போனது ஏழு மைல்தான். ஆனால் இதை வாசிக்கிற உங்களில் ஒருவரும், லண்டனில் எத்தனை வருஷம் இருந்தாலும், அந்த இடத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

போவதற்கு முன் காசைப் பற்றிச் சொல்லவேண்டும். 1984ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, சாரிங் கிராஸ் பக்கம் நிலத்துக்குக் கீழே நடக்கிற பழம்பொருள் சந்தைக்கு மழைக்கு ஒதுங்கிப் போனேன். மேசைகளில் காசுகள். எல்லாவற்றிலும் ஒரு ராசா, அல்லது ஒரு ராணி. இலங்கையிலும் எனக்குச் சம்பளம் தந்தது அந்தத் தலைகள்தான், இங்கேயும் அந்தத் தலைகள்தான். ஒரு மூலையில் தேய்ந்த வெள்ளிக் காசொன்று கிடந்தது. அதில் ஒரு பெண், தலைமயிரை விரித்து விட்டபடி. சுற்றிவர நட்சத்திரங்கள். எந்த நாட்டு ராணி என்று கேட்டேன். ராணி இல்லை, அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை, சுதந்திரம் என்பதற்கு ஒரு முகம் போட்டிருக்கிறார்கள் என்றார் விற்றவர். எனக்கு அது பிடித்துவிட்டது. எவன் தலையையும் கடன் வாங்காமல் எழும்பிய நாடு. நானும் அப்படித்தான்.

பிறகு பத்து வருஷம் தேடினேன். பதினேழிலும் பெரியது 1795ஆம் ஆண்டு டொலர். பின்பக்கத்தில் ஒரு கழுகு, சாப்பாடு கிடைக்காத கோழி போல மெலிந்திருக்கும். அது எவ்வளவு பெறுமதியான காசு என்பது முகத்தில் எழுதியிருக்காது. காசை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி வாசிக்கவேண்டும்: நூறு சதம், ஒரு டொலர் என்று. விளிம்பில் எழுத்து இருப்பதை முதல் தடவை கண்டபோது கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன், மனைவிக்குக் காட்ட.

மனைவி பரமேஸ்வரி மூன்று வருஷத்துக்கு முன் தவறிவிட்டாள். அந்தக் காசுகளை அவளும் நானும் தவிர வேறு யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. மகள் வசந்தி செவன் கிங்ஸில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவளுக்கு அது அப்பாவின் ஒரு பைத்தியம். எனக்குப் பிறகு அவை ஒரு அலுமாரிக்குள் கிடந்து, யாரோ ஒருவர் வீடு துப்புரவாக்கும்போது போய்விடும். அதனால்தான் ஏலத்துக்குக் கொடுத்தேன். காசுக்காக இல்லை, கடவுள் புண்ணியத்தில் எனக்குக் குறை இல்லை. பழங்காசுத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் அதில் ‘உபயம் இன்னார்’ என்று எழுதுவோமே, அதுபோல, ஒரு பழைய காசு கைமாறும்போது ‘இன்னார் சேகரித்தது’ என்ற பெயரும் அதோடு கூடவே போகும். இருநூறு வருஷத்துக்கு முந்திய பிரபுக்களின் பெயரெல்லாம் அப்படித்தான் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அந்த வரிசையில் என் பெயரும் ஒன்றாக நிற்கவேண்டும். அதைப் பார்க்கத்தான் போனேன்.

1994, நவம்பர், ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு நோர்பரி ரயில் நிலையம். நாள் முழுக்க ரயிலுக்கும் சுரங்க ரயிலுக்கும் செல்லும் சீட்டு மூன்று பவுணுக்குள். எங்கள் நிலையம் மேட்டில் இருப்பதால் மேடையில் நின்றால் லண்டன் றோட்டில் என் முதல் கடையின் பலகை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

“என்ன முதலாளி, கோட்டும் சூட்டுமாய்? ஆரின்ரை கலியாணம்?”

கண்ணன். என் இரண்டாவது கடையில் நாலு வருஷம் நின்றவன். இப்போது பல்ஹாமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை.

“ஏலத்துக்குப் போறன்,” என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. “ஐயோ, கடையையோ ஏலத்திலை விடுறாங்கள்?”

“விசரா, கடை நிக்குது கல்லுப்போல. என்ரை பழைய காசுகளை ஏலத்திலை விடுறன்.”

“காசைக் காசுக்கு விக்கிறதோ? உங்களாலைதான் முதலாளி அது ஏலும்!” என்று மேடை முழுக்கக் கேட்கச் சிரித்தான்.

ரயில் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தான். “வாவன் கண்ணன், வந்து பார். ஒரு நாள் லீவு எடன்,” என்று கேட்டேன். இதற்கு முன் யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“ஏலாது முதலாளி. இப்பத்தை முதலாளி உங்களைப்போலக் கத்தமாட்டான். சிரிச்சுச் சிரிச்சுச் சம்பளத்தை வெட்டிப்போடுவான்.”

பல்ஹாமில் இறங்கிக் கையைக் காட்டினான். அதன் பிறகு நான் தனி. ரயில் வீடுகளின் பின்புறமாகவே லண்டனுக்குள் போகும். முன்பக்கத்தில் பூச்சாடி வைத்திருக்கிற வீடுகள் எல்லாம் பின்பக்கத்தில் உடைந்த சைக்கிளும் நனைந்த மெத்தையுமாய் இருக்கும். கிளப்பம் சந்தியில் தண்டவாளங்கள் பாய் பின்னினதுபோல ஒன்றுக்குள் ஒன்று போய்வரும். அதற்குப் பிறகு கூரை இல்லாமல் நாலு புகைபோக்கியோடு நிற்கும் பழைய மின்நிலையம், ஆறு, விக்டோரியா. நோர்பரியில் இருந்து இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட.

விக்டோரியாவில் சுரங்க ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கிரீன் பார்க். அங்கிருந்து வடக்கே நடக்கவேண்டும். அந்தத் தெருக்களில் ஒருவர் கையிலும் கடைப் பை இல்லை. மீனும் இல்லை, மரக்கறியும் இல்லை, குழந்தை அழுகிற சத்தமும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி, அல்லது ஒரு கைக்கடிகாரம், அவ்வளவுதான் ஒரு கடை. நான் கடைக்காரன், பொருளே இல்லாமல் கடை வைத்திருப்பதைப் பார்த்து அசந்து போனேன். ஒரு தேநீர் குடித்தேன். ஒரு பவுண் இருபது. அந்தக் காசுக்கு என் கடையில் ஒரு பெட்டித் தேயிலைப் பையே வாங்கலாம்.

பதினொரு மணிக்கு ஏலக்கூடத்துக்குள் போனேன். பித்தளைக் கைபிடி போட்ட கதவு, காலடிச் சத்தத்தையே விழுங்குகிற கம்பளம். வாசல் மேசையில் இருந்த இளம்பெண் என் கடிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அந்த மரியாதையை நான் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். “நல்வரவு மிஸ்டர் வைரவநாதன்,” என்று, நாக்கு அங்கங்கே இடறினாலும், முழுதாகச் சொன்னாள். ஒரு புத்தகத்தைக் கையில் தந்தாள். வழவழப்பான தாள், என் காசுகளின் படங்கள். பெரிய எழுத்து இங்கிலீசு எனக்கு நன்றாக வாசிக்க வரும்; இறக்குமதிப் பெட்டிகளின் மேல் படித்துப் பழகியது. பக்கத்தின் தலைப்பில் கறுப்பாய்ப் பெரிதாய் அச்சடித்திருந்தார்கள்: ‘வைரவநாதன் சேகரித்த காசுகள்.’

வைரவநாதன் என் ஐயா.

என் பெயர் நடராசா. நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால், என் பெயர் பின்னால். நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று விமான நிலையத்தில் ஒருவர் என் தாள்களைப் பார்த்து, இரண்டில் எது குடும்பப் பெயர் என்று அவராகவே தீர்மானித்து எழுதினார். அன்று தொடங்கி வங்கிக்கும், வரி அலுவலகத்துக்கும், கவுன்சிலுக்கும் நான் மிஸ்டர் வைரவநாதன். உங்களில் பாதிப் பேரும் உங்கள் அப்பாமாரின் பெயரில்தான் இங்கே நடமாடுகிறீர்கள், எனக்குத் தெரியும். நான் அதைப் பெரிதாய் எடுத்ததில்லை. மின்சாரக் கட்டணம் யார் பெயரில் வந்தால் என்ன? ஆனால் இது வேறு. ஐயா யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கடையில் இருத்தியவர். நான் லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று, “நீ அங்கை போய் என்னத்தைப் புடுங்கப்போறாய்?” என்று கேட்டுவிட்டு வழியனுப்ப வராமல் இருந்தவர். ஒரு அமெரிக்கக் காசைக் கண்ணாலும் காணாமல் செத்துப்போனவர். பத்து வருஷம் நான் மழையில் அலைந்தது அவருடைய பெயரில் அச்சாகியிருந்தது.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு பெரியவரை அழைத்து வந்தாள். அவரும் மரியாதையானவர்தான், என்னை நாற்காலியில் இருத்திவிட்டுத்தான் கதைத்தார். புத்தகம் உலகம் முழுக்கப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். மேடையில் ஒரு வார்த்தை அறிவித்தால் போதும் என்றேன். ஏலம் தொடங்கும் நேரத்தில் பெயரை மாற்றினால், காசு யாருடையது என்று வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம் வரும், விலை விழும் என்றார்.

“விழட்டும்,” என்றேன்.

அவர் என் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “கடவுச்சீட்டில் உங்கள் பெயர் இதுதானே, ஐயா?”

இதுதான். நாற்காலியை விட்டு எழும்பினேன்.

வாசலில் தொலைபேசிப் பெட்டி இருந்தது. வசந்தியின் அலுவலகத்துக்கு எடுத்தேன். ஏலக்காரரின் கடிதமெல்லாம் அவள் வீட்டுக்குத்தான் போகும். இங்கிலீசு வேலை அவளுடையது.

“பேர் பிழையாய்ப் போட்டிருக்கிறாங்கள், பிள்ளை.”

“ஸ்பெல்லிங் பிழையோ அப்பா? நான் செக் பண்ணினனே.”

“வைரவநாதன் எண்டு கிடக்கு.”

“அது எங்கடை பேர்தானே?”

“அது உங்கடை அப்பப்பான்ரை பேர். என்ரை பேர் எங்கை?”

அவளுக்குப் பின்னால் யாரோ தட்டச்சு அடிக்கிற சத்தம். “அப்பா, பள்ளிக்கூடத்திலை, யூனியிலை, கலியாணம் கட்டும் மட்டும் நானும் அந்தப் பேர்தானே. அப்பப்பான்ரை பேர் புக்கிலை வாறது சந்தோசம்தானே? ஏன் இப்பிடி ஒரு சின்ன விசயத்துக்கு… மீட்டிங் தொடங்குது அப்பா. பின்னேரம் எடுக்கிறன்.”

அவள்மேல் கோபம் இல்லை. அவள் அந்தப் பெயரில்தான் பரிசு வாங்கினாள்.

ஏலம் இரண்டு மணிக்கு. அறுபது நாற்காலி போடக்கூடிய அறையில் பாதிதான் நிறைந்திருந்தது. ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. விலையைக் கேட்கக் கையைக்கூட உயர்த்துவதில்லை. பென்சிலை ஒரு அங்குலம் அசைத்தால் போதும். மீன் சந்தையில் கூறிக் கூறி விற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது செத்த வீடுபோல இருந்தது. என் பக்கத்தில் காதுக்குள் கருவி மாட்டிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கையில் பூதக்கண்ணாடி. என் இங்கிலீசும் அவருடைய காதும் ஒன்றுக்கொன்று சரியான பொருத்தம். அவர் டொலரின் படத்தைத் தட்டிக் காட்டி, “நல்ல காசு. ஆனால் யாரோ மினுக்கிக் கெடுத்துவிட்டார்கள். பாவம்,” என்றார்.

“என் மனைவி,” என்றேன்.

அவர் பூதக்கண்ணாடியை இறக்கினார். “எதனால்?”

“முதலில் புளி. பிறகு சாம்பல்.”

“என்ன சாம்பல்?”

“மாட்டுச் சாணத்தை எரித்த சாம்பல்.”

கிழவர் பூதக்கண்ணாடியைக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பொங்கலுக்கு முதல் நாளும் நவராத்திரி வெள்ளிக்கிழமைகளிலும் பரமேஸ்வரி என் காசுகளை எடுத்து, குத்துவிளக்கோடும் வெள்ளிக் கிண்ணங்களோடும் சேர்த்துப் பழப்புளி போட்டுத் தேய்ப்பாள். திருநீற்றால் துடைப்பாள். தட்டில் அரிசி பரப்பி, அதன் மேல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைப்பாள். அந்தத் தொழிலில் காசின் கறுப்புத்தான் அதன் தோல். அதை எடுத்தால் பாதி மதிப்புப் போய்விடும். எனக்கு அது தெரியும். ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். “வெள்ளியைக் கறுக்க விடுறது தரித்திரம், இஞ்சாருங்கோ. உங்கடை அமெரிக்காக்காறிக்கும் நல்ல நாளிலை முகம் கழுவத்தானே வேணும்?” என்றாள். அதன் பிறகு நான் மறிக்கவில்லை. புத்தகத்தில் என் டொலருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மினுக்கப்பட்டது’ என்று போட்டிருந்தார்கள், கிழவர்தான் வாசித்துச் சொன்னார். அவளுடைய கை வேலையாவது அச்சில் வந்தது.

“வைரவநாதன் என்பவர் பெரிய சேகரிப்பாளரோ?” என்று கிழவர் கேட்டார்.

“சுருட்டு விற்றவர்,” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, தலையாட்டினார்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. பரமேஸ்வரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த மனிசி புருசன் பெயரைச் சொல்லும்? இஞ்சாருங்கோதான். பிள்ளைக்கு அப்பா. கண்ணனுக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கும் முதலாளி. கோயிலில் ஐயா. ஆஸ்பத்திரியில் அன்று விடியக்காலையில் நேர்ஸ் என் தோளைத் தொட்டு, மனைவி போய்விட்டாள் என்று சொன்னதும் மிஸ்டர் வைரவநாதனுக்குத்தான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள் எல்லாம் ஊரோடு முடிந்துபோனார்கள். இந்த லண்டனில் நான் இவ்வளவு கட்டி எழுப்பியும், நடராசா என்ற பெயரை ஒரு வாயும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அறையில், அந்த மேடையில், ஒருமுறை கேட்டிருக்கலாம்.

டொலர் கடைசியில் வந்தது. மூன்று பென்சில்கள் அசைந்தன. ஒன்று நின்றது, பிறகு மற்ற இரண்டும் நின்றன. பக்கவாட்டு மேசையில் தொலைபேசியைக் காதில் வைத்திருந்த ஒரு பெண் மட்டும் தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தியல் விழுந்தது. எவ்வளவுக்குப் போனது என்று எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே எனக்கு மூன்று சங்கங்களில் தலைவர் பதவி வரும்.

வாங்கியவர் தொலைபேசிக்குள் இருந்தார். நேரில் இருந்தால் போய்க் கையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். காசுக்குக் கீழே வைக்கிற வட்டக் காகிதத் துண்டில் என் பெயரை எழுதி வையுங்கள் என்று. நான் அந்தப் பெண்ணிடம் ஓடினேன். இந்த வயதில், கம்பளத்தில் வழுக்கி வழுக்கி ஓடினேன். “அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேணும்,” என்றேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். எந்த நாட்டில் இருந்து எடுத்தார் என்றாவது சொல்லுங்கள் என்றேன். மன்னிக்கவேண்டும், சொல்ல அனுமதி இல்லை என்றாள்.

வெளிக்கிடும்போது வாசலில் உரத்த குரல் கேட்டது: “மிஸ்டர் வைரவநாதன்!” அந்த ஒரு கணம், சத்தியமாக, ஐயா எங்கே நிற்கிறார் என்று திரும்பித்தான் பார்த்தேன். காலையில் மரியாதை தந்த அதே பெண். நான் காசுகளைக் கொண்டுபோய்க் கொடுத்த பிஸ்கட் டின்னைத் திருப்பித் தந்தாள். உள்ளே பரமேஸ்வரி விரித்த சிவப்புப் பட்டுத்துணி இருந்தது. மடிப்பில் கொஞ்சம் திருநீறும்.

நாலரைக்கே இருட்டிவிட்டது. விக்டோரியாவில் கூட்டம், இருக்க இடம் கிடைக்கவில்லை. டின்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நோர்பரிவரை நின்றே வந்தேன். காலையில் பார்த்த வீடுகளின் பின்புறங்களில் இப்போது குசினி விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு விளக்குக்குக் கீழும் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்து, கோட்டைக் கழற்றமுன், விறாந்தையில் நின்று ‘நடராசா’ என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். யாரும் ஓம் என்று பதில் குரல் கொடுக்கவில்லை என்பதால் நானே ஓம் என்றேன்.

ஏலக்கூடத்தையும் என் கடையையும் ஒப்பிட்டால் நான் ஒன்று சொல்லுவேன். என் கடையில் ஒரு பிலாப்பழம்கூட எந்த ஊரில் இருந்து வந்தது, யார் அனுப்பியது என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்தப் பெரிய இடத்தில் பதினேழு காசு பிழையான ஆளின் பெயரில் போனது. சட்டப்படி அது சரியாம். இருக்கட்டும்.

அந்த டொலர் எந்த நாட்டில், யார் கையில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அவர் தமிழ் வாசிக்கமாட்டார். வாசிக்கிற யாராவது அவரைச் சந்தித்தால் சொல்லுங்கள்: அதைத் தேடிச் சேர்த்தவன் நடராசா, மினுக்கியவள் பரமேஸ்வரி. இரண்டையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மலர்க் குழுவுக்கும் ஒரு வார்த்தை. போன வருஷம் நான் தந்த முழுப்பக்க விளம்பரத்தில் ‘திரு. வைரவநாதன் குடும்பத்தினர்’ என்று போட்டீர்கள். பேசாமல் இருந்துவிட்டேன். இந்தமுறை இருக்கமாட்டேன். இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, பெரிய எழுத்தில், வை. நடராசா என்று போடவேண்டும். ஐயாவுக்கு அந்த ஒரு எழுத்துப் போதும். மிச்சம் முழுவதும் நான் சேர்த்தது.